வாளியில் ஒரு மீன்

அன்புள்ள உமக்கு,

வட்ஸ்அப்பில் நீர் கேட்பது ஒன்றைத்தான்: "மீன் எப்படி?" ஒவ்வொரு முறையும் "சுகம்" என்று எழுதினேன். அது பொய்.

நீர் தம்பலகாமத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போன மறுநாள், வீட்டுப் பின்வளவுக் குளத்தில் உமது பெரிய தங்கமீனை மீன்கொத்தி கொத்திவிட்டது. முதுகில் ஆழமான காயம். சிறுவயதில் எங்கள் காயங்களைக் கடலில் இறங்கித்தான் ஆற்றினோம். அந்த நினைப்பில் ஒரு வாளி கடல் தண்ணீர் அள்ளிவந்து மீனை அதில் விட்டேன். சற்று நேரத்தில் அது சரிந்து மிதந்தது.

பக்கத்து வீட்டு ஸஹாப்தீன் நானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, உயிரோட கருவாடு போடுறீங்களா?"

"காயம் ஆறட்டும் எண்டுதான், நானா."

"குளத்து மீனுக்குக் கடல் ஏலாது. கெதியாக் கிணத்துத் தண்ணில மாத்துங்க. ஒரு புடி உப்புப் போதும்."

மாற்றினேன். ஒன்பது நாளாக வாளி குசினியில், என் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாப்பிடும்போது மீனோடு கதைக்கிறேன். நீர் போவதற்கு முதல்நாள் கோபத்தில் உம்மிடம் சொன்னதை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு கிழமை, ஏழே நாள் என்றுதான் போனீர். அலுமாரியில் உமது பக்கம் காலியாக இருப்பதை நான் பிறகுதான் கண்டேன்.

காயம் நேற்றே மூடிவிட்டது. "இனிக் குளத்தில விடுங்க" என்கிறார் நானா. இன்னும் விடவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து மீனைக் குளத்தில் விடுவேன்.

அதன்பிறகு நீர் சுகம் விசாரிக்க இந்த வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உமது வீட்டில் இருப்பவன்