ஊர்வலத்தில் இல்லாத மேளம்

புக்கிட் மேரா, சிங்கப்பூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள ரஞ்சனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். உன் மணிக்கட்டு ஆபரேஷன் புண் ஆறிவிட்டதா, லண்டன் குளிரில் வலிக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும், ஆனால் உங்கள் ராக் இசைக்குழுவைப் பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்த அருவருப்பு இன்னும் அடங்கவில்லை. சட்டையில்லாமல் உட்கார்ந்து, வாயிலிருந்த பீரை டிரம்ஸ் மேல் துப்பிவிட்டு அடிக்கிறாய், கூட்டம் கத்துகிறது. அதைக்கூடத் தொழில் என்று விட்டுவிடுவேன். என்ஜினியரிங்கைப் பாதியில் விட்டு, சின்னச் சின்ன பப்களில் வாசித்து, இன்று உலகமெங்கும் அரங்கம் நிறைகிற அளவுக்கு வந்தாயே, அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் சின்ன வயதில் சிராங்கூன் ரோட்டில் தைப்பூசக் காவடிக்கு முன்னால் உறுமி அடித்துத்தான் பழகினேன் என்று கண் கலங்கச் சொன்னாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீ பையனாக இருந்த காலத்தில் ஊர்வலத்தில் மேளத்துக்கே அரசாங்கத் தடை. கீழ்வீட்டு முனீரா வந்து, "அக்கா, நாங்க முஸ்லிம், எங்களுக்கே தெரியும் லா, அப்ப தெருவுல ஏது மேளம்? உங்க மகன் காத்துலயா அடிச்சான்?" என்று சிரித்தாள். வீட்டில் நீ மேசையில் அடிக்கிற சத்தம் தாங்காமல் மேலே வந்து கதவைத் தட்டியவளே அவள்தான். அதனால்தான் உன் அப்பா தன் இலவம்பஞ்சுத் தலையணையை நாற்காலியில் வைத்து, இதில் அடி என்றார். தபால் நிலைய வேலையிலிருந்து வந்ததும் எதிரே உட்கார்ந்து உனக்குத் தாளம் போடுவார். உறை கிழிந்து பஞ்சு பறக்கும், நான் திட்டிக்கொண்டே தைப்பேன், அவர் கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்குவார். அத்தனை நீளப் படத்தில் அந்த மனிதருக்கு ஒரு வரி இல்லை. உன் பெயரோடு இருந்த அவர் பெயர் மருதப்பனையும் வெட்டியாகிவிட்டது.

படக் கம்பெனியிலிருந்து தமன்னா என்ற பெண் போன் செய்தாள். இரண்டாம் பாகத்துக்காக அடுத்த மாதம் இங்கே வருகிறார்களாம். "ஆன்ட்டி, கோயில் வாசல்ல நின்னு, இங்கதான் ரஞ்சன் அடிச்சான்னு கை காட்டுனா போதும்" என்றாள். நீயும், "ஒரு வரிதானேம்மா, மாத்திச் சொன்னா என் மானமே போயிடும்" என்று செய்தி அனுப்புகிறாய். பெற்றவளைப் பொய்சாட்சிக்கு அழைக்க உனக்குக் கூசவில்லையா? ஒரு புள்ளி விட்டாலும் பக்கம் முழுவதையும் மறுபடி எழுத வைத்த கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். கோயில் வாசலுக்கு வர மாட்டேன், வீட்டுக்கு வாருங்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அந்தத் தலையணை இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று வெயிலில் காய வைத்தேன். அவர்கள் வரும்போது அதே நாற்காலியில் இருக்கும், யாருடையது என்று கேட்டால் சொல்வேன். அதற்குள் நீயே சொல்லிவிட்டால் உன் மானம் உன் கையில் இருக்கும்.

மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, வெறும் வயிற்றில் மேடை ஏறாதே. உன் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும். படத்தில் உன் பெயரை முழுதாகப் போடச் சொல்ல மறக்காதே, எப்படி எழுதுவது என்று அவர்கள் கேட்டால் கீழே இருப்பதைக் காட்டு.

உன் அம்மா,
சரஸ்வதி மருதப்பன்