பிரசவ ஆஸ்பத்திரியில் என் ஆபரேஷன்

6 ஏப்ரல் 2020, மயிலாடுதுறை

உளுந்தைக் காயப் போட்டுவிட்டு உள்ளே வந்தால் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன். புதன்கிழமை ஆபரேஷன் கிடையாது. வார்டு முழுவதையும் கொரோனாவுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மறு தேதி? "இப்ப சொல்ல முடியாதும்மா."

பிப்ரவரியில் சுண்டைக்காயாக இருந்த புற்றுக்கட்டி இப்போது நெல்லிக்காய். ஊரே அடங்கிக் கிடக்கிறது, என் மார்பில் இருக்கும் இது மட்டும் அடங்கவில்லை. "பொறுமையா இரு" என்ற வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

9 ஏப்ரல்

பெரிய வியாழன். மாதா கோயில் பூட்டியிருக்கிறது. அதுக்குள்ள கட்டி பரவிட்டா என்ன பண்றது — யாரப் போயி கேக்குறது?

11 ஏப்ரல்

எனக்கு ஆபரேஷன் செய்யவேண்டிய டாக்டர் ஷிஃபாவே போன் செய்தார். "அக்னஸம்மா, உங்கள மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க. வேற தியேட்டர் தேடிட்டிருக்கேன். அதுவரைக்கும் ஒரு மாத்திரை சொல்றேன், கட்டிய வளர விடாது." காத்திருக்கும் எல்லோரையும் இப்படி அவரே கூப்பிட்டுப் பேசுகிறாராம். என் மகள் வயசுதான் இருக்கும். எங்கிருந்து வந்தது இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு தெம்பு?

25 ஏப்ரல்

இடம் கிடைத்துவிட்டது. கும்பகோணத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. பிரசவம் இல்லாத நேரத்தில் தியேட்டரைத் தருகிறார்களாம். மயக்க மருந்து டாக்டரையும் கத்தி கத்தரியையும் ஷிஃபா டாக்டர் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வருகிறார். ஐம்பத்தாறு வயசில் நான் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், பாவம், ரொம்ப நாளாயிற்று.

30 ஏப்ரல், கும்பகோணம்

நேற்று முடிந்தது. இடது பக்கம் கட்டு. தொட்டுப் பார்க்கத் தைரியம் இல்லை.

திரைக்கு அந்தப் பக்கம் மருமகளோடு இருக்கும் அம்சம் என்ற அம்மாள் என் முகத்தையே பார்க்காமல் விசாரித்தார்.

"என்ன கொழந்தைம்மா?"

"கொழந்தை இல்லங்க. எடுத்துட்டாங்க."

உச்சுக் கொட்டினார். பிறகு, "அழுவாத தாயி. அடுத்தது நல்லபடியா தங்கும்."

சிரித்ததில் தையல் வலித்து உயிர் போயிற்று. டாக்டரிடம் சொன்னேன். கவச உடைக்குள் தொப்பலாக நனைந்து நின்றவர், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

9 மே

வீட்டில் இருக்கிறேன். டாக்டர் போனில் வந்தார். "ரிசல்ட் வந்துருச்சு. அக்குள்ல எடுத்த நெறிக்கட்டிகள்ல ஒண்ணுலயும் புற்று இல்ல. எங்கயும் பரவலைம்மா." சொல்வதற்குள் நாலு இருமல்.

"எங்கேர்ந்து பேசுறீங்க?"

"கொரோனா வார்டுலேர்ந்துதான். நானும் இப்ப பேஷண்ட்."

படுத்த படுக்கையில் என் ரிசல்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார். என்ன மனுஷி இவர். "பேசாதீங்க, படுங்க" என்று அதட்டினேன். சரிம்மா என்றார்.

16 மே

டாக்டருக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

29 மே, கும்பகோணம்

காயத்தைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். யார் பார்ப்பார்கள் என்று கேட்கவே பயமாக இருந்தது. நர்ஸ் வெளியே வந்து சொன்னாள்: "ஷிஃபா டாக்டர் காலையிலேர்ந்து தியேட்டர்ல ஆபரேஷன் பண்ணிட்டிருக்காங்க. ரொம்ப நேரமாகும்மா, பரவால்லயா?"

ஆகட்டும் என்றேன்.