புகையைக் காட்டிய மேனேஜர்

மார்ச் 11, செவ்வாய்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஒன்பது வருடமாக ஆய்வுக்குப் போகிறேன். எல்லாத் தொழிற்சாலையிலும் புகையை என் கண்ணில் படாமல் மறைக்கத்தான் பார்ப்பார்கள். இன்று ஓசூர் ரோட்டுச் சாயத் தொழிற்சாலையில், மேனேஜரே கூட்டிப் போய்ப் புகைபோக்கியைக் காட்டினார். "நல்லா பாத்துக்கோங்க மேடம். வருஷம் முழுக்க இந்தக் கரி பாய்லர்தான் ஓடுது. அப்படியே எழுதிக்கோங்க."

அங்கேயே உறுத்தியது. இந்த வருடப் புகையை வைத்துத்தான் இனி எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அரசு இலக்கு வைக்கும். இப்போது அதிகமாகக் காட்டிவிட்டால், பிறகு ஒன்றுமே செய்யாமல் குறைத்ததாகச் சொல்லலாம். இலக்குக்கு மேல் குறைத்ததற்கு, விற்றுக் காசாக்கக் கார்பன் கிரெடிட்டும் கிடைக்கும்.

பாய்லருக்குப் பின்னால் பெருக்கித் தள்ளிய குப்பையில் ஒரு புறாக்கூடு கிடந்தது. ஓடுகிற பாய்லர் சூட்டில் புறா கூடு கட்டாது. பாய்லர் ஓட்டும் அந்தோணி எங்கள் விவேக் நகர்க்காரர். மேனேஜர் போன் பேச ஒதுங்கியபோது அவரிடம் கேட்டேன்.

"ஏழு மாசமா கேஸ் பாய்லர்தான் மேடம். நீங்க வர்றீங்கன்னு நேத்துதான் இதப் பத்த வெக்கச் சொன்னாங்க. என் பேர எழுதிடாதீங்க."

ரிப்போர்ட்டில் எழுத மாட்டேன். ஆனால் சொல்லாமல் போன ஆய்வு இது. நான் போவது என்னையும் மேலதிகாரி மோகன் சாரையும் தவிர யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் தொம்மலூர் ஆபீசில் அவரிடம் புறாக்கூட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்தோணி ஏதாச்சும் சொன்னாரா?" என்றார்.

"இல்ல சார்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அந்தோணி பெயரை நான் அவரிடம் சொல்லவே இல்லை.