முப்பது கலர்

கலை,

நீ ரேஷன் கடையிலிருந்து வருவதற்குள் நான் அவலூர்பேட்டைச் சந்தைக்குக் கிளம்புகிறேன். சோறு வடித்துவிட்டேன். குழம்பை மட்டும் சுடவைத்துக்கொள்.

ரஞ்சனி நம்மைக் கேட்காமல் செய்துகொண்ட கல்யாணத்தின் போட்டோவை, நீ துணியில் கட்டம் கட்டமாக கிராஸ் ஸ்டிச் தையல் போடுவதற்காக கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாய். அதில் அவள் கட்டிக்கொண்ட எழிலனை வெட்டியது நான்தான். "போட்டோல அவர வெட்டிட்டா கல்யாணம் இல்லன்னு ஆயிடுமா? உனுக்கு இன்னாதான்யா வேணும்?" என்று நேற்று கத்தினாயே, எனக்கே தெரியவில்லை.

காலையில் முழுப் போட்டோவையும் மறுபடி ஏற்றினேன். எத்தனை கலர் நூல் வேண்டும் என்று, போட்டோவைத் தையல் கட்டமாக மாற்றும் சாஃப்ட்வேர் கேட்டது. பத்து என்று அடித்தேன். நம் பெண்ணின் கன்னமும் அவன் (அவர் என்று எழுத வேண்டுமோ?) சட்டையும் ஒரே நிறமாகி, யார் எங்கே முடிகிறார்கள் என்றே புரியவில்லை. முப்பது என்று அடித்தால் கட்டம் முழுக்க, கலருக்கு ஒரு குறியாக, புள்ளியும் பெருக்கலும் முக்கோணமுமாக வருகிறது. இதைப் பார்த்து எப்படித் தைப்பாய்? கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. நீயே பார்.

கிளம்பியவன் திரும்பி வந்து எழுதுகிறேன். எது சரி என்று ரஞ்சனியிடமே போனில் கேட்டேன். ஒன்றரை வருஷம் கழித்துப் பேசுகிறேன். "நைனா, அவுருக்கு மீசை இருக்குது, அத உட்டுடாதீங்க" என்றாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.

பத்தில் மீசை காணாமல் போய்விடுகிறது. முப்பதே இருக்கட்டும்.