வாரவிடுமுறையில் இருந்த சூரியத் தகடுகள்

அனுப்புநர்:
உரிமையாளர்,
மாடி வீட்டுத் தையலகம்,
அச்சகத்துக்கு எதிர்வரிசை,
கடைத்தெரு.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
கூரைச் சூரிய மின்சக்திப் பிரிவு,
மின்சார அலுவலகம்.

பொருள்: எங்கள் மொட்டை மாடியில் நல்ல நிலையில் வேலை செய்துவரும் சூரிய மின்தகடுகளை “இயக்கத்தில் இல்லை, ஊக்கத்தொகைக்காகக் காட்சிக்கு மட்டும் வைக்கப்பட்டுள்ளன” என்று அறிக்கையில் எழுதியது குறித்தும், அந்த வாசகத்தை நீக்கி மறு ஆய்வு செய்யக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பள்ளிச் சீருடை, மருத்துவமனைப் பணியாளர் உடை, ஜன்னல் திரை என்று எது தைக்கக் கொடுத்தாலும் அளவு தப்பாத கடை எங்களுடையது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் கணவர் கட்டிங் மாஸ்டர். என் நாத்தனார் துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் இயந்திரம் பார்க்கிறார். இவர்களோடு ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். கடை கீழே, வீடு மேலே, அதற்கும் மேலே மொட்டை மாடி. அந்த மொட்டை மாடியைப் பற்றியதே இந்த மனு.

2. பள்ளி திறக்கும் பருவத்தில் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். தங்கள் அலுவலகம் மின்சாரத்தை நிறுத்துவதும் சரியாக அந்தப் பருவத்தில்தான். (இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.) பாதி தைத்த சட்டைக் கையோடு பெண்கள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். மின்சாரம் வந்த பிறகு இருட்டும் வரை தைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் “ஏன் இவ்வளவு நேரம்” என்று ஏச்சு வாங்குவார்கள். இரண்டு பேர் அதனாலேயே வேலையை விட்டு நின்றார்கள். அப்போதுதான் தங்கள் அலுவலகம் நடத்திய விளக்கக் கூட்டத்துக்குப் போனேன். முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். மறுநாளே விண்ணப்பம் கொடுத்தேன். இந்தக் கடைத்தெருவில் முதலில் கொடுத்தது நான்தான்.

3. தகடுகளும் பேட்டரியும் பொருத்தப்பட்ட நாள் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணக் களை. தெருவில் மின்சாரம் போய்விட்ட ஒரு மதியம், எங்கள் கடையில் மட்டும் எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. எதிரில் இருக்கும் அச்சகக்காரர், பக்கத்து சலூன்காரர், பேக்கரி அம்மா எல்லோரும் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். “என்னம்மா, உங்களுக்கு மட்டும் தனி சூரியனா?” என்று சலூன்காரர் கேட்டார். அன்று நான் தரையில் நடந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது எங்கள் பெண்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போகிறார்கள். வேலையை விட்டு நின்ற இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

4. இனி நடந்த தவறைச் சொல்கிறேன். தையல்காரர் வீட்டில் எதற்கும் உறை உண்டு, ஐயா. தையல் இயந்திரத்துக்கு உறை, தொலைக்காட்சிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, என் நாத்தனாரின் ஸ்கூட்டருக்கு உறை. வேலை முடிந்தால் எந்தச் சாமானையும் தூசி படாமல் மூடி வைப்பது எங்கள் பழக்கம். அப்படியிருக்க, வீட்டிலேயே விலை கூடிய பொருளை வெயிலிலும் காக்கை எச்சத்திலும் சும்மா போட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. என் கணவர் மாடி ஏறி, டேப் வைத்து, தகடு தகடாக அளவு எடுத்தார். நல்ல தடித்த நீலத் துணி. காற்றில் தூக்காமல் இருக்க நான்கு மூலையிலும் நாடா. சுற்றிலும் வெள்ளை ஓரம் வைத்து மடித்துத் தைத்தோம். ஓரத்துக்குச் சுருக்கம் வைத்தது நான். அது தேவையில்லை என்று அவர் சொன்னார். நான் கேட்கவில்லை.

5. கடை நடக்கும் நாட்களில் உறை போடுவதே இல்லை. சூரியன் தேவை என்பது தெரியாத அளவுக்கு நாங்கள் மக்கு அல்ல. வாரவிடுமுறை அன்று மட்டும் மூடுவோம். ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்கள் வருவதால் எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இயந்திரம் ஓடாத நாளில் தகடு மட்டும் ஏன் வெயிலில் வெந்துகொண்டு இருக்க வேண்டும், அதுவும் ஒரு நாள் ஓய்வு எடுக்கட்டும் என்று நினைத்தோம். நாங்கள் வேலை செய்யாத நாளிலும் அது வேலை செய்யும், அந்த மின்சாரம் தெருக் கம்பி வழியே மற்றவர்களுக்குப் போகும், அதற்கும் சேர்த்துத்தான் ஊக்கத்தொகை என்பதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. தாங்கள் கொடுத்த விளக்கக் கையேட்டில் தகட்டின் மேல் ஏறாதே, கம்பி நார் போட்டுத் தேய்க்காதே, மர நிழல் விழவிடாதே என்றெல்லாம் இருக்கிறது. லீவு விடாதே என்று எங்கும் இல்லை. இதைக் கேள்விப்பட்டதிலிருந்து என் நாத்தனார் என்னை விடுவதாக இல்லை. “சூரியனுக்கே லீவு விட்ட ஒரே ஆள் நீங்கதான் அண்ணி” என்கிறார்.

6. தங்கள் ஆய்வாளர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் நூலும் பட்டனும் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். வீட்டில் இருந்தவர் என் கணவர் மட்டும். அவருக்கோ தகடுகளைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கும். தினமும் காலையில் பல் துலக்கும் முன்பே மாடிக்குப் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவார். துணி கொடுக்க வருகிறவர்களைக்கூட மாடிக்கு அழைத்துப் போவார். ஆய்வாளர் “பேனல் எங்க?” என்று கேட்டதும் ஓட்டமாக ஏறிப்போய் உறையைக் காட்டியிருக்கிறார். “ஏன் மூடி வெச்சிருக்கீங்க?” என்று அவர் கேட்க, இவர் சிரித்த முகத்தோடு, “இன்னைக்கு லீவு சார்” என்று சொல்லியிருக்கிறார். நாடாவை அவிழ்க்க இவர் குனிவதற்குள் ஆய்வாளர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு படி இறங்கிவிட்டார். வெயில் கடுமை, அவருக்கு இன்னும் பல வீடுகள் பார்க்க வேண்டியிருந்திருக்கும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அது போகப் போகச் சரியாகிவிடும்.

7. ஊக்கத்தொகை கிடையாது என்று மறுப்புக் கடிதம் வந்தது. நேரில் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முகப்பில் இருந்த அலுவலர் என்னைப் பார்த்து, “ஓ, சோலாருக்குச் சட்டை தைச்சவங்க நீங்கதானா?” என்று கேட்டு, அந்தப் படத்தைப் பக்கத்து மேசைக்காரருக்கும் காட்டினார். சிரித்துவிட்டுப் போகட்டும். படத்தை நானும் பார்த்தேன். தையல் நேராகத்தான் இருந்தது. ஆனால் “காட்சிக்கு மட்டும்” என்ற வாசகத்துக்குச் சிரிக்க என்னால் முடியவில்லை. வாழ்நாளில் ஒரு பட்டனைக்கூடக் காட்சிக்காக வைத்துத் தைத்தவர்கள் அல்ல நாங்கள். எங்கள் வாசலில் தாங்கள் பொருத்திய மீட்டரையே கேளுங்கள். செவ்வாய் தவிர மற்ற எந்த நாளும் அது எங்களுக்குச் சாட்சி சொல்லும்.

8. என் தவறுக்கு என்னோடு மட்டும் கணக்குத் தீர்ந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஊக்கத்தொகை வராவிட்டால் இன்னும் நாலு சீருடை கூடுதலாகத் தைத்துக்கொள்வேன். ஆனால் என்னைப் பார்த்து விண்ணப்பம் வாங்கிவைத்திருந்த அச்சகக்காரரும் பேக்கரி அம்மாவும் இப்போது அதை மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். “உங்களுக்கே இல்லைன்னுட்டாங்க, நாங்க எந்த மூலைக்கு” என்கிறார்கள். அதைவிட, என் கணவர் இப்போது மாடிக்குப் போவதில்லை. தகட்டைத் துடைக்கவும் நாத்தனார்தான் போகிறார். “நான் வாயைத் திறக்காம இருந்திருக்கணும்” என்று ஒருமுறை சொன்னார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வாய் ஓயாத மனிதர், ஐயா. அவர் மேசையிலிருந்து கத்தரிச் சத்தம் மட்டும் வரும் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை.

9. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ) எங்கள் மாடியை மீண்டும் ஆய்வு செய்ய வேண்டும். வரும் நாளை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதில்லை. எந்த நாளும் வரலாம், செவ்வாய்க்கிழமையே வந்தால் மகிழ்வேன்.

ஆ) “காட்சிக்கு மட்டும்” என்ற வாசகத்தை அடித்துவிட்டு, அதே இடத்தில் உள்ளதை எழுத வேண்டும். “அறியாமல் மூடிவைத்திருந்தார்கள்” என்று எழுதினால் நான் மறுக்கமாட்டேன்.

இ) விளக்கக் கையேட்டின் அடுத்த பதிப்பில், விடுமுறை நாளிலும் தகடுகளை மூடக்கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்தத் தெருவிலேயே இன்னொரு தையல்காரர் இருக்கிறார். அவருக்கும் எங்கள் பழக்கம்தான்.

10. கடையைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. அந்த உறையை இப்போது வாசலில் நிழலுக்குக் கட்டியிருக்கிறோம். நீலத் துணி, வெள்ளை ஓரம், சுருக்கம் வைத்தது. துணி கொடுக்க வருகிறவர்கள் அதன் கீழ்தான் நிற்கிறார்கள். தாங்கள் வரும்போது என்னைத் தேட வேண்டாம். நேராக உள்ளே, விடுமுறை நாளிலும் வெட்டும் மேசைக்கு அருகில் நிற்கும் மனிதரிடம் போய், அன்று தங்கள் ஆய்வாளர் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்: “பேனல் எங்க?” அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தங்களுக்கு முன்னால் படியேறிவிட்டால், என் மனுவில் பாதி அங்கேயே நிறைவேறிவிடும். மீதிப் பாதி தங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

இடம்: தையலகம், கடைத்தெரு
நாள்: செவ்வாய்க்கிழமை (கடை விடுமுறை, தகடுகளுக்கு வேலை நாள்)

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாசலில் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தையலக உரிமையாளர்