டுவேனுக்குக் கொடுத்த மெத்தை

டூசான், அரிசோனா
ஜனவரி 9, 2019

அன்புள்ள ஆர்லன்,

மினசோட்டாவில் நீ பனியை வாரி வாரி இடுப்பொடிந்திருப்பாய். குளிருக்குத் தப்பி வந்த நான் இங்கே வெறுங்காலோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகப் பொறாமைப்படு.

ஆண்டுக் கணக்கு வந்தது. எட்டுப் பேர் உள்ள நம் ஜன்னல் பட்டறையால் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்துத் தர முடியாது என்றுதானே இந்த ஏற்பாட்டைச் செய்தேன்? காப்பீட்டை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் மருந்துக்கும் ரசீது கொடுத்தால், வரம்பு வரை திருப்பித் தருவேன், வரியும் இல்லை. நீயோ காப்பீட்டு ரசீதோடு நிறுத்திக்கொண்டாய். மருந்து ரசீது ஒன்றுகூட இல்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் உன் மனைவி மேவிஸ், "மருந்துக் கடைக்கே பாதிச் சம்பளம் போயிடுது லோர்னா" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாள். நீ கேட்காத பணம் பட்டறையிலேயே தங்கிவிடும். என்னிடம் என்னப்பா கோபம்?

அன்புடன்,
லோர்னா

ஜனவரி 18

அன்புள்ள லோர்னாவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. பள்ளிக்கூட ஜன்னல்கள் முடிந்தன. பெரிய ரம்பத்தைக் கர்டிஸிடம் கொடுத்திருக்கிறேன், அவனும் பழக வேண்டுமல்லவா.

ரசீதுகளை நீங்களே பிரித்துப் படிக்கிறீர்கள். போன வசந்தத்தில் நம் பட்டறை டுவேனின் மூல நோய் மருந்து ரசீதைப் படித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒரு மெத்தையோடு வந்தீர்கள். "டுவேன், இதுல உக்காருப்பா, வலிக்காது" என்றீர்கள். பாசத்தில்தான் செய்தீர்கள். ஆனால் இன்றுவரை அவனை "வாங்க மகாராஜா, சிம்மாசனம் ரெடி" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆர்லன்

டூசான்
ஜனவரி 29

அன்புள்ள ஆர்லன்,

படித்ததும் முகம் சுட்டது. ரசீது பார்க்க வெளியாள் வைத்தால் வீண்செலவு என்று நானே பிரித்தேன். நலம் விசாரிப்பதாக வேறு நினைத்துக்கொண்டேன். டுவேனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன்.

இனி ரசீதுகள் மினியாப்பொலிஸில் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் போகும். எனக்குத் தொகை மட்டும் சொல்வார்கள், நோயைச் சொல்ல மாட்டார்கள். போன வருட ரசீதுகளை மார்ச் கடைசி வரை அனுப்பலாம், விலாசம் இணைத்திருக்கிறேன். உனக்கு என்னவென்று நான் கேட்கமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் கையால் எழுதியவன் எப்போது டைப் அடிக்கக் கற்றாய்?

லோர்னா

பிப்ரவரி 20

அன்புள்ள லோர்னாவுக்கு,

பதினொரு மாத ரசீதுகளை அனுப்பினேன். பணம் வந்துவிட்டது. மாத்திரையைப் பாதியாக உடைத்து நாள் கடத்திக்கொண்டிருந்தேன், இப்போது முழுசாகப் போடுகிறேன். மேவிஸ் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

நீங்கள் கேட்காததால் சொல்கிறேன். இதைக் கையால் எழுதுகிறேன், இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தீர்களா? கை நடுங்குகிறது. பார்க்கின்சன் என்கிறார் டாக்டர். டிசம்பர் முதல் நான் ரம்பத்தைத் தொடவில்லை. கை நடுங்குகிறவனுக்கு ரம்பக் கூடத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்றுதான் பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆர்லன்

டூசான்
பிப்ரவரி 27

என் அன்பு ஆர்லன்,

அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன். ரம்பம் கர்டிஸிடமே இருக்கட்டும். எந்தப் பலகை எங்கே பிளக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல அவனுக்கு இன்னும் பத்து வருடம் ஆகும். அதுவரை பலகை தேர்வதும் அளவு சொல்வதும் உன் வேலை. சம்பளத்தில் மாற்றமில்லை.

கை நடுங்கினாலும் காபி சிந்தாத மூடிபோட்ட கோப்பை ஒன்று இங்கே கடையில் பார்த்தேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை, வாங்கிவிட்டேன். ஆனால் கையில் ஏந்திக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் வரமாட்டேன். உன் வீட்டு விலாசத்துக்கே பெட்டி வரும். பட்டறைக்கு எடுத்துப் போவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

உன்
லோர்னா