நீங்கள் விட்டுப்போன காடு

காலையில் மகன் கொண்டுவந்து இறக்கிய பெயின்ட் டப்பாக்களின் வாசனை வீடெல்லாம் நிறைந்திருக்கிறது. உட்கார முடியவில்லை எனக்கு. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நாளைக்கு ஆள் வந்து, நீங்கள் வரைந்த சுவருக்கும் சேர்த்து வெள்ளை அடிக்கப்போவதாகச் சொன்னான்.

மலைக்கும் அடிவாரத்து ஆலங்காயத்துக்கும் ஜீப் ஓட்டிய நீங்கள், வளைவில் வண்டி கவிழ்ந்து கால் முறிந்து, மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தீர்கள். ஓரிடத்தில் நிற்காத மனுஷன். எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் வண்டிக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைக் கேட்டீர்கள். அதுவரை நீங்கள் ஒரு கோடு கிழித்துக்கூட நான் பார்த்ததில்லை.

முதலில் வந்தது சிங்கம். பலாமரத்தடியில், வெற்றிலை போடும் பெரியவரைப்போலக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. பிறகு நீல இலைகள், சாமைக் கதிருக்குள் முங்கிய யானை, துணி காயப்போட்டதுபோல் புளியங்கிளையில் தொங்கும் சிறுத்தை. எல்லாம் விடியற்காலைக் கனவில் வந்தவையாம். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார்.

“இன்னாப்பா, நம்ம மலையில ஏது சிங்கம்?”

“இன்னிக்கு வந்துச்சுண்ணா. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க.”

எனக்குச் சண்டை கடைசியாக வந்த புலியோடுதான். எங்கே திரும்பினாலும் பார்த்தது. “அது கண்ண மூடிவுடுங்க. எனக்குச் சோறு எறங்கல” என்றேன். மறுபேச்சில்லாமல் மூடினீர்கள். அதன்பிறகு நீங்கள் தவித்த தவிப்பு! ஊன்றுகோலோடு சுவருக்குப் போவதும் வருவதுமாக இருந்தீர்கள்.

“மூடச் சொன்னா மூடிக்கிச்சு. ஆனா தூங்கல செல்வி. உள்ள முழிச்சிட்டே கெடக்குது.”

பொறுக்கமாட்டாமல் நானே பிரஷ்ஷை எடுத்து நீட்டினேன். “தெறந்துவுடுங்க.” அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டீர்கள். போகப்போக அந்தப் பார்வை எனக்கும் பழகிப்போனது.

கால் தேறி மறுபடி ஜீப் ஏறினீர்கள். சுவரை மட்டும் விடவில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். பஸ் இல்லாத நேரம். உங்கள் ஜீப்பிலேயே உங்களைப் படுக்கவைத்துக் கீழே கொண்டுபோனார்கள். ஆலங்காயம் வருமுன்பே என் மடியில் உங்கள் தலை கனத்துவிட்டது.

இன்று மத்தியானம் மகனிடம் சொல்லிவிட்டேன், அந்தச் சுவரைத் தொடக்கூடாது என்று.

“பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்கம்மா. இதப் பார்த்தா இன்னா நினைப்பாங்க?”

“உங்கப்பா வரைஞ்சதுன்னு நினைப்பாங்க.”

கோபத்தில் டப்பா மூடியை ஓங்கித் தட்டி மூடினான். பிறகு சுவருக்கு முன்னால் போய் நின்றான். யானையிலிருந்து புலிவரை விரலால் தடவிக்கொண்டே போனான்.

“இதுல அப்பா எங்கம்மா? ஒரு மனுசனக்கூடக் காணோமே.”

நானும் இதையே உங்களிடம் கேட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னதை அப்படியே அவனுக்குச் சொன்னேன்: “மனுசன் வந்தா அதுங்க ஓடிப்போய்டும்.”

அவன் போனை எடுத்து, மற்ற சுவர்களுக்கு மட்டும் ஆளை வரச் சொன்னான்.

என் தவிப்பு இன்னும் அடங்கவில்லை. எழுந்து எழுந்து நடக்கிறேன். அந்த அறை வாசலைத் தாண்டும்போது மட்டும் என் கால்கள் தாமாகவே ஓசையை அடக்கிக்கொள்கின்றன, எதுவும் ஓடிவிடக்கூடாதே என்று.